முந்தியது பில்லா, ரசீதா?

கயத்தாறு வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் எவரிடமும் சென்று, "அண்ணாச்சி, டிஸ்டிரிபியூட்டர் கணக்கு ஒத்துப் போகுதா?" என்று கேட்டுப் பாருங்கள். நேரடியான பதில் வராது. முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு ஒன்று வரும்.

ஒரு காலத்தில் சேல்ஸ்மேன் என்றால் கையில் ஆர்டர் புத்தகம், நடுவில் கார்பன் தாள், காதில் பேனா. எழுதியது எழுதிய வரிசையிலேயே இருந்தது. இன்று அவர் கையில் மொபைலோ, பில் அடிக்கும் சிறு மெஷினோ இருக்கிறது. கடை வாசலில் நின்றபடியே ஆர்டர் போடுகிறார், பில் அடிக்கிறார், பணம் வாங்கிப் பதிகிறார். வேலை விரைவாகிறது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கருவியில் பதிந்தது கம்பெனியின் சர்வருக்குப் போய்ச் சேரும் வழியில் வரிசை மாறிவிடுகிறது. அதனால் வரும் நஷ்டம் மட்டும் எப்போதும் சிறு வியாபாரியின் தலையிலேயே விழுகிறது. இதைப் பற்றித்தான் இந்த இதழில் நாம் பேச விரும்புகிறோம்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே இருக்கும் ஊர் நம்முடையது. சாலையோரம் சிக்னலுக்குக் குறைவில்லை. சாலையை விட்டு இறங்கிக் கரிசல்காட்டுக்குள் நாலு கிராமம் போய்விட்டால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சேல்ஸ்மேன் அங்கே பதிவதெல்லாம் கருவிக்குள்ளேயே கிடக்கும். சாயந்திரம் அவர் ஊர் திரும்பியதும் மொத்தமாக அப்லோட் ஆகும். இதைத்தான் 'சிங்க்' என்கிறார்கள். "சிங்க் ஆகல அண்ணாச்சி" என்ற சொல் இப்போது நம் பஜாரில் "மழை இல்ல அண்ணாச்சி" என்பதைப் போல் சாதாரணமாகிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைக்காரருக்குக் கடன் வரம்பு 20,000 ரூபாய். பழைய பாக்கி 18,400. வியாழக்கிழமை காலை சேல்ஸ்மேன் வந்ததும் கடைக்காரர் 15,000 ரூபாய் ரொக்கம் கொடுக்கிறார். பாக்கி 3,400 ஆகிறது. அதன் பிறகு 9,600 ரூபாய்க்குச் சரக்கு எழுதுகிறார். புதுப் பாக்கி 13,000. வரம்புக்குள்தான் இருக்கிறது, யாருக்கும் வில்லங்கம் இல்லை. சேல்ஸ்மேனின் கருவியிலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இரவு அப்லோட் ஆகும்போது என்ன நடக்கிறது? பல மென்பொருள்கள் பில்களை எல்லாம் ஒரு கட்டாகவும், ரசீதுகளை எல்லாம் இன்னொரு கட்டாகவும் அனுப்புகின்றன. பில் கட்டு முதலில் போகிறது. சர்வர் பார்க்கிறது: 18,400-உடன் 9,600 கூட்டினால் 28,000. வரம்பு 20,000. உடனே அந்தப் பில்லை நிறுத்தி வைக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து 15,000 ரூபாய் ரசீது போய்ச் சேர்கிறது. பாக்கி 3,400 என்று குறைகிறது. ஆனால் நிறுத்தி வைத்த பில்லைத் திரும்ப எடுத்துப் பார்க்க அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை சரக்கு வரவில்லை. கடைக்காரர் போன் செய்தால், "உங்களுக்கு லிமிட் தாண்டிடுச்சுன்னு சிஸ்டத்துல காட்டுது அண்ணாச்சி" என்கிறார்கள். "நான் துட்டு குடுத்த பிறகுதானல்லா சரக்கே எழுதினேன்" என்று அவர் சொன்னால், அதற்குப் பதில் இல்லை.

கூட்டலும் கழித்தலும் எந்த வரிசையில் செய்தாலும் கடைசித் தொகை ஒன்றுதானே என்று சிலர் கேட்கக்கூடும். கடைசித் தொகை ஒன்றுதான். ஆனால் நடுவில் 'வரம்பு தாண்டியதா', 'ஸ்டாக் இருக்கிறதா', 'இந்தத் தேதியில் என்ன வரி' என்று ஒரு கேள்வி கேட்கப்படுகிறதே, அதற்கான பதில் வரிசையைப் பொறுத்தது. ரெடி ஸ்டாக் வேனில் காலையில் 10 பெட்டி இருந்தது, குடோனில் 20 பெட்டி ஏற்றினார்கள், 25 பெட்டி விற்றது. கையில் 5 மிச்சம். ஏற்றிய பதிவுக்கு முன்னால் விற்ற பதிவு போய்ச் சேர்ந்தால், 10 பெட்டியில் 25 விற்றதாகச் சர்வர் குழம்பும். சில மென்பொருள்கள் மைனஸ் 15 என்று காட்டிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளும். சில, விற்பனைப் பதிவையே தள்ளிவிடும். தள்ளியதைச் சேல்ஸ்மேனுக்கும் சொல்லாது, கடைக்காரருக்கும் சொல்லாது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயல்ல. 1996-ல் அமெரிக்காவில் 'பைலட்' என்ற பெயரில் பாம் கையடக்கக் கருவி வந்த நாளிலிருந்தே இருப்பதுதான். அந்தக் கருவியை ஒரு தொட்டிலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதிலிருந்த பதிவுகளும் மேசைக் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். அதைச் செய்தவர்கள் ஒன்றைப் புரிந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. அது பட்டியலில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பது வேறு விஷயம். இணைப்பின்போது மாறிய பதிவுகள் மட்டும் போய் வரும். வந்து சேரும் புதுப் பதிவுகள் தத்தம் சரியான இடத்திலேயே போய் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே இணைப்பு முடிந்ததும் கருவி அந்தந்த மென்பொருளுக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்த மென்பொருள் தன் பதிவுகளை மறுபடி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாத மென்பொருளில் பட்டியல் தாறுமாறாகக் கிடக்கும். ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று தெரிந்த இந்தப் பாடத்தை இன்று நம் கடை வாசலில் நிற்கும் மென்பொருள்கள் சில இன்னும் படிக்கவில்லை.

அதற்கும் முன்னால் 1978-ல் லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தனித்தனி இடங்களில் இருக்கும் இரண்டு இயந்திரங்களின் கடிகாரம் ஒன்றுபோல் ஓடும் என்று நம்ப முடியாது. எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு, எது எதற்குக் காரணம், எது எதற்குப் பின்னால்தான் வர முடியும் என்பதை எண்ணிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 2013-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. நம் பாஷையில் சொன்னால், பில்லுக்கு எழுதிய ரசீது பில்லுக்கு முன்னால் பிறக்க முடியாது, அவ்வளவுதான்.

இதை நம் முன்னோர் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்து வைத்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தானியம் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, 'இரண்டு, மூன்று' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அளப்பதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பினால், குவியலைத் திரும்பக் கொட்டி மறுபடி 'லாபம்'. தூத்துக்குடி முத்து வியாபாரத்திலும் அப்படித்தான். முத்துக்களைப் பருமன் வாரியாகப் பிரிக்கப் பத்து பித்தளைச் சல்லடைகள் உண்டு. 20 துளை உள்ளதில் தொடங்கி 1,000 துளை உள்ளது வரை, ஒன்றன் பின் ஒன்றாகச் சலிக்க வேண்டும். ஒரு சல்லடையை முன்பின் மாற்றினால் பெரிய முத்தும் சிறிய முத்தும் கலந்துவிடும், விலையும் போய்விடும். அந்த முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சல்லடையின் கணக்கு மட்டும் எந்தத் தொழிலுக்கும் பொருந்துவதாகவே இருக்கிறது.

நாள்வழிக் குறிப்பேட்டில் நாம் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கி, பக்கம் விடாமல், வரி விடாமல் எழுதி வந்ததும் இதற்காகத்தான். அந்தப் புத்தகத்தில் வரிசையைக் காப்பது எழுத்தல்ல, தையல். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் எதிர்ப்பக்கத்துத் தாளும் கழன்று வரும். சட்டமும் இதை மதிக்கிறது. முறையாகத் தொடர்ந்து எழுதி வரும் கணக்குப் புத்தகத்தின் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 34-ஆவது பிரிவில் சொன்னது. அதே பிரிவு, அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றும் சொன்னது. 1.7.2024 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் 28-ஆவது பிரிவிலும் இதே விதிதான், கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்கையும் சேர்த்து. 1998-ல் ஹவாலா டைரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கோக்கப்படாத தனித்தாள்கள் 'புத்தகம்' ஆகாது என்று தீர்ப்பளித்ததை நம்மில் பலர் அப்போது பத்திரிகையில் படித்திருப்போம். ஆகவே "சிஸ்டத்தில் இப்படித்தான் இருக்கிறது" என்று யாராவது மிரட்டினால், அது சிஸ்டத்தின் பதிவு மட்டுமே, அதுவே முடிந்த முடிவு அல்ல என்று நாம் தைரியமாகச் சொல்லலாம். சொல்வதற்கு நம் கையிலும் ஒரு நாள்வழி இருக்க வேண்டும் என்பது வேறு கதை.

இனி, எல்லாருக்கும் உறைக்கக்கூடிய ஓர் உதாரணத்துக்கு வருவோம். 22.9.2025 திங்கட்கிழமை. ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறிய நாள். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர் வகைகள் 12-லிருந்து 5-க்கு வந்தன. வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தார்கள், நாமும் வரவேற்றோம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நம் கடைகளுக்கு வந்த பில்களை யாராவது தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தோமா?

வரி விகிதம் மாறும் சமயத்தில் பழைய விகிதமா புதிய விகிதமா என்பதற்கு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14-ஆவது பிரிவு விடை சொல்கிறது. அந்தப் பிரிவைப் படித்தால் தலை சுற்றும். சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: சரக்கு கொடுத்தது, இன்வாய்ஸ் போட்டது, பணம் வாங்கியது என்று மூன்று நிகழ்ச்சிகள். இவற்றில் எந்த இரண்டு, மாற்றத்துக்கு முன்னால் நடந்ததோ அப்போது பழைய வரி. எந்த இரண்டு பின்னால் நடந்ததோ அப்போது புதிய வரி. அதாவது வரியைத் தீர்மானிப்பதே வரிசைதான்.

இப்போது இதைக் கையடக்கக் கருவியோடு சேர்த்துப் பாருங்கள். சனிக்கிழமை 20-ஆம் தேதி வேன் வருகிறது. 10,000 ரூபாய் மதிப்புக்குப் பிஸ்கட்டும் சோப்பும் இறக்கி, வாசலிலேயே பில் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 18 சதவீதம் சேர்த்து 11,800 ரூபாய், கடனுக்கு. சரக்கும் இன்வாய்ஸும் மாற்றத்துக்கு முன்னால், பணம் மட்டும் பின்னால். எனவே பழைய வரி 1,800 ரூபாய் என்பது சரியே. ஆனால் கருவி அன்று சிங்க் ஆகவில்லை. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை சிங்க் ஆகும்போது சர்வர் தனக்கு வந்து சேர்ந்த தேதியையே இன்வாய்ஸ் தேதியாகப் போட்டுக்கொண்டு, புதிய விகிதப் பட்டியலை எடுத்து 500 ரூபாய் வரி என்று பதிந்துகொண்டால் என்ன ஆகும்? சப்ளையர் தன் ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் 500 ரூபாய் என்று காட்டுவார். அக்டோபர் 14-ஆம் தேதி நமக்கு வரும் 2பி அறிக்கையிலும் 500 என்றே வரும். கையில் இருக்கும் பில்லோ 1,800 என்கிறது. மீதி 1,300 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு நமக்குக் கிடைக்காது. சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் 11,800 என்றே நிற்கும். காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி வரவே கிடையாது என்பதால், "எனக்கு என்ன" என்று இருந்துவிட முடியாது. 500 ரூபாய்தான் வரி என்று பதிந்திருந்தால் அவருக்கும் பில் 10,500-க்கு வந்திருக்க வேண்டும் அல்லவா?

எல்லாக் கம்பெனியிலும் இப்படி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காக மென்பொருள் வைத்திருப்பவர்கள் பில் அடித்த தேதியையே காத்தார்கள். ஆனால் அந்த வாரத்துப் பில்களை இதுவரை ஒப்பிட்டுப் பார்க்காத உறுப்பினர்கள், ஆடிட்டரிடம் சொல்லி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கணக்குகளையும் பில்களையும் ஆண்டு ரிட்டனுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே இன்னொரு வேடிக்கை. சேல்ஸ்மேன் மெஷின் அடித்துத் தரும் தெர்மல் தாள் பில், கல்லாப்பெட்டியின் வெக்கையில் 72 வாரம் கூடத் தாங்குமா என்பது சந்தேகம். எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது மொபைலில் படம் பிடித்து வையுங்கள்.

சரி, கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே தேடுவது? "சிங்க் பிரச்சினை" என்று சொல்லிக் கையை விரிப்பவர்களிடம் என்ன கேட்பது? நம் உறுப்பினர்கள் பலர் தங்கள் கடையிலேயே இரண்டு மூன்று மொபைலில் பில் போடும் செயலி வைத்திருக்கிறார்கள். கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று, டோர் டெலிவரி பையனிடம் ஒன்று. எனவே இது நமக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கருவியின் தேதியும் நேரமும். பேட்டரி இறங்கி மறுபடி உயிர் பெற்ற பழைய மெஷின்களில் தேதி எங்கோ போய் நிற்கும். மொபைலில் 'தானாகத் தேதி, நேரம்' என்பதை அணைத்து வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பத்து நிமிடம் பின்னால் ஓடும் ஒரு கருவியில் போட்ட பில், முந்திப் போட்ட இன்னொரு பில்லுக்கும் முன்னால் போய் நிற்கும். இதைத் திருத்துவது சுலபம், ஆனால் எவரும் பார்ப்பதில்லை.

அடுத்தது, எண்ணை எழுத்தாக நினைத்து அடுக்கும் பிழை. பட்டியலில் க-1, க-10, க-11, க-2 என்று வந்தால் இதுதான் காரணம். கம்ப்யூட்டர் அதை எண்ணாகப் பார்க்காமல் அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் அடுக்கிவிடுகிறது. க-0001, க-0002 என்று முன்னால் பூஜ்யம் போட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. தேதியிலும் இதே வம்பு உண்டு. 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? நமக்கு ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் இருக்கும் மென்பொருளுக்கு மே 6. 12-ஆம் தேதி வரை இந்தக் குழப்பம் வெளியே தெரியாமலே ஓடும். 13-ஆம் தேதிப் பில் வந்ததும்தான் '13-ஆவது மாதம் கிடையாது' என்று மென்பொருள் முரண்டு பிடிக்கும். அப்போதுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள்.

பாதியில் அறுந்த சிங்க் மூன்றாவது. 40 பதிவில் 23 போனதும் சிக்னல் போய்விடுகிறது. திரும்ப அழுத்தினால் சில மென்பொருள்கள் முதலிலிருந்து 40-ஐயும் அனுப்பும். அந்த 23-ம் இரட்டிப்பாகும். நல்ல மென்பொருள், ஒரே பில் எண் இரண்டாவது முறை வந்தால் "இது ஏற்கெனவே வந்துவிட்டது" என்று ஏற்காமல் விடும். அரசின் இ-இன்வாய்ஸ் தளம் அப்படித்தான் செய்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு 1.8.2023 முதல் அது கட்டாயம். ஒரே சப்ளையர், ஒரே நிதியாண்டு, ஒரே வகை ஆவணம், ஒரே எண் என்றால் இரண்டாவது முறை பதிய விடாது. உங்கள் பெரிய சப்ளையர்களின் பில்லில் நீளமான ஐ.ஆர்.என். எண்ணும் சதுரக் குறியீடும் இருந்தால் இந்த ஓர் ஆபத்து குறைவு.

நாலாவது, பெரியவர்கள் வீட்டில் இல்லாதபோது பிள்ளைகள் பேசி முடித்த கல்யாணம் போன்றது. புதிதாக வந்த ஒரு சரக்கின் பெயரும் விலையும் கல்லா மொபைலில் ஏற்றியாகிவிட்டது. டெலிவரி பையனின் மொபைல் அதை வைத்துப் பில் போட்டுவிட்டது. மேலே போகும்போது பில் முதலில் போய், சரக்கின் பெயர் பின்னால் போனால், "அப்படி ஒரு சரக்கே இல்லை" என்று அந்த வரியை மட்டும் சர்வர் விழுங்கிவிடும். பில் தொகை 840, உள்ளே இருக்கும் சரக்குகளைக் கூட்டினால் 715 என்று வந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், அதன் பிறகு கொள்முதல், அதன் பிறகு விற்பனை, கடைசியில் ரத்தும் திரும்பியதும். இந்த வரிசையில் அனுப்பும்படி மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள். ஆனால் பணம் வாங்கிய ரசீதைப் பில்லோடு சேர்த்து, நடந்த வரிசையிலேயே அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் நாம் பார்த்த 28,000 ரூபாய்க் கூத்து அங்கேதான் பிறக்கிறது.

யு.பி.ஐ. சவுண்ட் பாக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது சத்தம் போடும் வரிசையும் வாடிக்கையாளர் பணம் அனுப்பிய வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. கூட்டமான சாயங்கால நேரத்தில் இரண்டு பேர் 200 ரூபாய் அனுப்பி ஒரு சத்தம் மட்டும் வந்தால், முதலில் அனுப்பியவர் யார் என்ற சண்டையில் இறங்காமல், அவர்கள் மொபைலில் இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண்ணை உங்கள் செயலியில் பாருங்கள். அதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

நம் பக்கத்து நியாய விலைக் கடைகளிலும் இதே காட்சிதான். 1.4.2017-ல் ஸ்மார்ட் கார்டு வழங்கத் தொடங்கியதிலிருந்து அங்கேயும் கையடக்கக் கருவிதான். 1.10.2020 முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டமும் சேர்ந்துகொண்டது. சிக்னல் வராவிட்டால் விற்பனையாளரும் அட்டைதாரரும் படும் பாட்டை எதிர்க்கடையில் உட்கார்ந்து நாம் பார்த்திருக்கிறோம். அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எப்படி என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அந்த ஆறுதலை நாம் ஏற்கவில்லை. அங்கே இழப்பு வந்தால் அதைச் சொல்ல ஒரு துறை இருக்கிறது. இங்கே 1,300 ரூபாய் போனால் ஒரு நாள் லாபமே போயிற்று.

ஆகவே டிஸ்டிரிபியூட்டர்களிடமும் கம்பெனிகளிடமும் நம் சங்கம் கேட்க வேண்டியது என்ன? அவர்களோடு சண்டை போடுவது நம் நோக்கமல்ல. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் பல டிஸ்டிரிபியூட்டர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகளே. கம்பெனி கொடுத்த மென்பொருளை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கும் இல்லை, பல சமயம் நஷ்டத்தில் பாதி அவர்களும் சுமக்கிறார்கள். ஆனாலும் கேட்கிற இடத்தில் கேட்டால்தான் மேலே போகும்.

பில் எண், பில் அடிக்கும் கருவியிலேயே பிறக்க வேண்டும். சர்வருக்குப் போன பிறகு அங்கே வேறு எண் கொடுப்பதை ஏற்க முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் தனி வரிசை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையே இல்லை. ஜி.எஸ்.டி. விதி 46, பில்லுக்கு 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண் வேண்டும், அது ஒரே வரிசையாகவோ பல வரிசைகளாகவோ இருக்கலாம், ஒரு நிதியாண்டில் அதே எண் மறுபடி வரக்கூடாது என்றுதான் சொல்கிறது. 1-ஆம் வேனுக்கு ஒரு முன்னெழுத்து, 2-ஆம் வேனுக்கு ஒன்று என்று வைத்தால் போதும். எந்த வரிசையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், எத்தனை ரத்து என்பதை ஜி.எஸ்.டி.ஆர்-1-ன் 13-ஆவது அட்டவணையில் காட்டவும் வேண்டியிருக்கிறது. நடுவில் எண் விடுபட்டால் அங்கேயே பல்லிளிக்கும். அதனால் இது நமக்கு மட்டும் நன்மை தரும் கோரிக்கையல்ல, அவர்களுக்கும் பாதுகாப்பு.

ஒவ்வொரு பதிவோடும் கருவியில் பதிந்த நேரமும், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதக் கூடாது. பாக்கிப் பட்டியல் கேட்டால் பதிந்த வரிசையில் கொடுக்க வேண்டும். கடன் வரம்பு பார்ப்பது அன்றைய கருவியின் எல்லாப் பதிவுகளும் வந்து சேர்ந்த பிறகு நடக்க வேண்டும். ஏதாவது ஒரு பதிவைச் சர்வர் தள்ளினால், தள்ளியதை அன்றே கடைக்காரரின் மொபைலுக்குக் குறுஞ்செய்தியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை ஒன்று நிறைவேறினாலே நம் தகராறுகளில் பெரும் பகுதி தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். தெரியாமல் கிடப்பதுதான் நஷ்டத்தைப் பெருக்குகிறது.

அதுவரை நம் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் கொடுக்கும்போது, சரக்கு எழுதுவதற்கு முன்னால் ரசீதை அடித்து வாங்கிவிடுங்கள். ரசீதில் 'இதற்கு முந்திய பாக்கி, இதற்குப் பிந்திய பாக்கி' இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேனாவால் எழுதிச் சேல்ஸ்மேன் கையெழுத்து வாங்குங்கள். "என்ன அண்ணாச்சி, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அந்தத் தம்பி வருத்தப்படக்கூடும். "உன்மேல இருக்குடே, உன் மெஷின்மேலதான் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வாங்குங்கள். வெயிலில் பைக்கில் ஊர் ஊராக அலையும் அந்தப் பையனின் குற்றம் இதில் ஒன்றும் இல்லை. வசூல் வரவில்லை என்று அவன் சம்பளத்திலும் பிடித்தம் செய்தால், அந்தக் கையெழுத்து அவனையும் காக்கும்.

2025 செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 5 வரையிலான தேதிகளில் கையடக்கக் கருவியில் அடித்துக் கொடுத்த பில்லும் 2பி-யும் ஒத்துப்போகாத உறுப்பினர்கள், இரண்டின் நகலையும் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். சப்ளையர் வாரியாகத் தொகுத்து, அந்தந்த டிஸ்டிரிபியூட்டரிடம் சங்கத்தின் சார்பில் எழுத்து மூலம் விளக்கம் கேட்பது நம் யோசனை. நகல்களைப் பில் தேதி வரிசையில் அடுக்கி, மேலே கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் எழுதிக் கொண்டுவரவும்.